துவக்கு டொக்டர்

அவவின்ர பேரை நான் இதிலை எழுதப் போறதில்லை. எழுதினால் மெல்பேர்னிலை இருந்து ஃபோன் வரும். இப்ப ஸ்பிரிங்வேல் பக்கம் மகனோடை இருக்கிறா. வயசு போனாலும் வாய் போகேல்லை எண்டு கேள்வி. நான் சொல்லப்போறது அவ சிட்னியிலை இருந்த காலம். அப்ப பென்டில் ஹில் தமிழ்ச் சனம் முழுக்க அவவைத் துவக்கு டொக்டர் எண்டுதான் சொல்லும். மெய்யா அவ பல்லு டொக்டர். ஸ்ரேசனுக்குக் கிட்ட, பலசரக்குக் கடைக்கு மேல்மாடியிலை கிளினிக். நோயாளி வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, பக்கத்திலை நிண்டு எச்சில் உறிஞ்சிற குழாய் பிடிக்கிறது என்ர வேலை. நான் அவவை அன்ரி எண்டு கூப்பிடுவன்.

சனிக்கிழமைகளிலை லிட்கமிலை இருக்கிற அவவின்ர வீட்டுக்குப் போகோணும். அங்கதான் துவக்குகள். வேட்டைத் துவக்கு இல்லை, சின்னப் பிஸ்டல்கள். உள்ளங்கையிலை வைச்சு மூடினால் வெளியிலை தெரியாது. நூறு வருசத்துக்கு முந்தி வெள்ளைக்காரர் கோட்டுப் பையிலையும், அவையின்ர பெண்சாதிமார் கைப்பையிலையும் வைச்சுத் திரிஞ்ச சாமான். இருபத்தொண்டு இருந்தது. எல்லாத்துக்கும் லைசென்ஸ், எல்லாத்துக்கும் விசையிலை பூட்டு, சுவரோடை சேர்த்து அடிச்ச இரும்புப் பெட்டி. வீட்டிலை ஒரு குண்டு கிடையாது. அவ ஒருநாளும் ஒண்டைச் சுட்டதில்லை, சுட ஆசையும் இல்லை.

நானெண்டால் துவக்கைக் கண்டாலே தூர விலகிப் போற ஆள். நான் வன்னியிலை பிறந்தனான், எனக்கு அதைப்பற்றி ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. முதல் சனிக்கிழமை கதவடியிலை நிண்டு, "அன்ரி, உங்களுக்குச் சேர்க்கிறதுக்கு வேற சாமான் கிடைக்கேல்லையே, முத்திரை, கோப்பை எண்டு?" எண்டு கேட்டன். "கோப்பைக்குக் கீழை செய்தவன் பேர் இருக்கும். அதிலை என்ன வேலை இருக்கு?" எண்டா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனாலும் போனன். அவவின்ர எழுத்து கோழி கிளறின மாதிரி, அதைக் கம்பியூட்டரிலை அடிச்சுக் குடுக்கிறது என்ர பொறுப்பு.

அவ ஒரு பிஸ்டலைப் பாக்கிற விதத்தை நீங்கள் கண்டிருக்கோணும். மேசையிலை வெள்ளைத் துவாய் விரிப்பா. கையுறை போடுவா. கிளினிக்கிலை பழசாப்போன வாய்க்கண்ணாடி, அதுதான் பல்லுக்குப் பின்பக்கம் பாக்கிற நீட்டுப்பிடிச் சின்னக் கண்ணாடி, அதை உள்ளை விட்டுத் திருப்பித் திருப்பிப் பாப்பா. பல்லுக் குத்திற ஊசியாலை எழுத்துகளுக்குள்ளை இறுகின அழுக்கை மெல்லக் கிளறுவா. அரை மணித்தியாலம் ஒரு கதை கிடையாது. நான் அங்காலை இருந்து கொட்டாவி விடுவன். ஒருக்கால் பொறுமையில்லாமல், "அதிலை இவ்வளவு பெரிசாப் பேர் அடிச்சுக் கிடக்கே அன்ரி, அதை எழுதுங்கோவன்" எண்டன். "அடிச்சுக் கிடக்கிறது பேர். ஆள் ஆரெண்டு பாக்கிறன்" எண்டா, தலை நிமிராமல்.

விசயம் என்னெண்டால், அந்தக் காலத்திலை பெல்ஜியத்திலை செய்த பிஸ்டலுக்குத்தான் மதிப்பு. ஸ்பெயினிலை சின்னப் பட்டறைக்காரர் அதைப் பாத்து ஆயிரக்கணக்கிலை அடிச்சுத் தள்ளியிருக்கினம். தங்கடை பேரைப் போடமாட்டினம். சிங்கம், புலி, வெற்றி எண்டு வாயிலை வந்த பேரைப் பொறிச்சு, பெல்ஜியத்திலை சோதிச்சுப் பாத்துக் குத்திற முத்திரை மாதிரியும் ஒண்டைக் குத்தி விட்டிடுவினம். சேஃப்ரி விசை எந்த இடத்திலை இருக்கு, ஆணி எந்தப் பக்கத்தாலை போகுது, முத்திரையிலை கிரீடத்தின்ர வளைவு சரியோ, இதையெல்லாம் பாத்துத்தான் பிரிக்கலாம். அன்ரி ஒவ்வொரு பிஸ்டலுக்கும் விவரம் எழுதின காட் மூண்டு பெட்டியிலை வைச்சிருந்தா. ஒண்டிலை 'தெரியும்', மற்றதிலை 'நினைக்கிறன்', மூண்டாவதிலை 'தெரியாது'. நினைக்கிறன் பெட்டியிலை இருந்து தெரியும் பெட்டிக்கு ஒரு காட் போக ஒரு வருசம் எடுத்ததை நான் கண்டிருக்கிறன்.

இந்த வியாதி எப்பிடித் தொத்தினது எண்டு ஒருநாள் தோசை சுட்டுக்கொண்டு சொன்னா. செத்துப்போன ஆரோ பழைய பல்லு டொக்டரின்ர சாமான்களை ஏலத்திலை எடுத்திருக்கிறா. குறடு, அச்செடுக்கிற தட்டு எல்லாத்துக்கும் அடியிலை சீலையிலை சுத்தி ஒரு குட்டிப் பிஸ்டல். நானெண்டால் கத்திக்கொண்டு ஓடியிருப்பன். அவ அப்பிடியே பொலிசிலை கொண்டுபோய்க் குடுத்திருக்கிறா. "இது என்ன பிஸ்டல்?" எண்டு கேட்டதுக்கு அங்க நிண்ட பொலிஸ் பெடியனுக்குத் தெரியேல்லையாம். பிறகு போய்க் கேக்க, உருக்கிப் போட்டம் எண்டிருக்கிறான். "என்னெண்டே தெரியாமல் உருக்கிப் போட்டாங்கள் பிள்ளை" எண்டு சொல்லேக்கை தோசை கருகினது. அதுக்குப் பிறகுதான் லைசென்ஸ் எடுத்ததாம்.

இனி என்ர வில்லங்கத்துக்கு வாறன்.

கிளினிக்கிலை சேர்ந்து மூண்டு மாசத்திலை எனக்குக் கடைவாயிலை நோ. அன்ரி எக்ஸ்ரே எடுத்தா. படத்தை வெளிச்சத்திலை வைச்சுப் பாத்தா, பாத்தா, பாத்துக்கொண்டே நிண்டா. "உனக்கு இருபத்திரண்டு எண்டெல்லே பதிஞ்சிருக்கு?" எண்டா. "ஓம் அன்ரி." "கடைசிப் பல்லின்ர வேர் இன்னும் மூடேல்லை." "அதுக்கு?" "ஒண்டுமில்லை. சில பேருக்குப் பிந்தும்." அவ்வளவுதான். மருந்து தந்தா, நான் வீட்டை வந்திட்டன். அண்டைக்குப் பிறகு அவ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை. அதுக்கு முந்தி வாய் நிறையத் தர்சினி, தர்சினி எண்டவ, பிறகு பிள்ளை எண்டதோடை நிப்பாட்டியிட்டா. எனக்கு விளங்கிப் போச்சு. என்னையும் நினைக்கிறன் பெட்டியிலை போட்டிட்டா.

உள்ளதைச் சொல்லுறன். தர்சினி என்ர அக்கா. மூண்டு வயசிலை காய்ச்சலிலை செத்துப்போனவள். அவள் செத்த கையோடை நான் பிறந்தனான். இடம்பெயர்ந்து ஓடுற நேரம் அவளின்ர சாவையும் பதியேல்லை, என்ர பிறப்பையும் பதியேல்லை. பள்ளிக்கூடத்திலை சேர்க்கப் பிறப்புப் பத்திரம் கேக்க, அம்மா பெட்டிக்குள்ளை இருந்த அக்காவின்ரயைக் குடுத்திட்டா. எனக்கு அஞ்சு வயசு, பத்திரத்திலை எட்டு. ஓடித்திரிஞ்ச பிள்ளைகள், ஆர் உதைக் கேட்டது? பிறகு அடையாள அட்டை, பாஸ்போட், மலேசியாவிலை காத்திருந்த காலத்து அகதிப் பதிவு, அவுஸ்ரேலியா விசா, எல்லாத்திலையும் தர்சினி. வீட்டிலை மட்டும் நான் நளாயினி. எங்கடை ஊரிலை இது ஒரு பெரிய குற்றமெண்டு ஒருத்தரும் நினைச்சதில்லை. ஆனால் இஞ்ச இது வெளியிலை வந்தால் விசாவை வெட்டலாம் எண்டு எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோடைதான் ஒவ்வொரு நாளும் அந்த மனிசியின்ர பக்கத்திலை குழாயைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

ஒரு சனிக்கிழமை பெட்டியைச் சோதிக்க ரெண்டு பொலிஸ் வந்திட்டினம். லைசென்ஸ்காரரிட்டை அப்பிடி வாறது வழமையாம். சீருடையைக் கண்டவுடனை நான் குசினிக்குள்ளை போய்க் கோப்பை கழுவத் தொடங்கினன். கழுவின கோப்பையைத் திருப்பியும் கழுவினன். அங்காலை அன்ரி அவங்களுக்குத் தின்ன ரோல்ஸ் குடுத்து, ஒவ்வொண்டின்ர இலக்கத்தையும் வாசிச்சுக் காட்டினா. போகேக்கை அவங்கள் எழுதினதை வாங்கிப் பாத்து, "பதினாலாவதிலை ஏழு இல்லை, ஒண்டு" எண்டு மறிச்சா. பொலிஸ்காரன் சிரிச்சுக்கொண்டு, அது பரவாயில்லை எண்டான். அவ விடேல்லை. திருத்திக் கையெழுத்து வைச்ச பிறகுதான் கதவைத் திறந்தா. குசினியிலை நிண்டு அதெல்லாத்தையும் கேட்டன். இவவிட்டை இருந்து விலகி ஓடோணும் எண்டு அண்டைக்கு முடிவெடுத்தன். திங்கட்கிழமை விடியப் பழையபடி வேலைக்குப் போனன்.

ஏன் போனனெண்டு என்னைக் கேட்டால், பிடிச்சிருந்தது, அதுதான் உண்மை. மத்தியானம் தன்ர சாப்பாட்டுப் பெட்டியிலை பாதியை என்ர மூடியிலை கொட்டுவா. கருவாட்டுக் குழம்பு வைச்சால் எனக்கெண்டு தனிப் போத்தல் வரும். அவ மன்னார்க்காரி, கருவாட்டிலை ஒரு வீண்பெருமையும் இருந்தது. நோயாளி வாயிலை பழுதான பல்லைப் பாத்து, "இது போட்டுது, ஆனால் போனதுக்கு நீங்கள் மட்டும் காரணமில்லை" எண்டு சொல்லுற ஆளை எனக்கு எப்பிடி வெறுக்கிறது?

இஞ்ச வந்து நாலு வருசம் முடிய, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிற நேரம் வந்தது. அம்மா வவுனியாவிலை தனிய. அகதி விசாவோடை நான் அங்க போக ஏலாது. அவுஸ்ரேலியாப் பாஸ்போட் கிடைச்சால்தான் அவவைப் போய்ப் பாக்கலாம். ஏழு வருசமாப் பாக்கேல்லை. அந்த விண்ணப்பத்திலை ஒரு துண்டு இருக்கு. உங்களை ஒரு வருசத்துக்கு மேலை தெரிஞ்ச ஒரு டொக்டரோ வாத்தியோ, உங்கடை படத்துக்குப் பின்னாலை, 'இது இன்னாரின்ர உண்மையான படம்' எண்டு எழுதிக் கையெழுத்து வைக்கோணும். எனக்குத் தெரிஞ்ச டொக்டர் ஆர்? கூடத் திரிஞ்ச பிள்ளைகள் எல்லாம், "உனக்கென்னடி, துவக்கு டொக்டர் இருக்கிறா" எண்டாளவை. வேற ஆரிட்டையும் போனால் ஏன் அவவிட்டைப் போகேல்லை எண்டு கேள்வி வரும்.

ரெண்டு நோயாளிக்கு இடையிலை படத்தையும் கடதாசியையும் மேசையிலை வைச்சன். அவ கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசிச்சா. பிறகு படத்தைத் திருப்பி வைச்சு, "உன்ர அம்மா உன்னை என்னெண்டு கூப்பிடுறவ?" எண்டா.

பொய் சொல்லியிருக்கலாம். வாயிலை வரேல்லை. நிண்டபடியே எல்லாத்தையும் சொன்னன், காய்ச்சல், பெட்டி, பத்திரம், எல்லாம்.

"நாலு வருசமா எனக்கு உன்னைத் தெரியும். அதை எங்கயும் எழுதித் தருவன். ஆனால் இந்தப் பேருக்குக் கீழை வைக்கமாட்டன்" எண்டா.

"அன்ரி, ஒரு கையெழுத்து."

"நளாயினி எண்டு போட்டு, நடந்ததை எழுதி, எக்ஸ்ரேயையும் சேர்த்து ஒரு கடிதம் தாறன். நல்ல வக்கீலிட்டைக் கூட்டிக்கொண்டு போறன்."

"அவங்கள் என்னைத் திருப்பி அனுப்பினால்?"

அவ வெளியிலை இருந்த நோயாளியை உள்ளை கூப்பிட்டா. அடுத்த நாள் அந்தக் கடிதத்தை ஒட்டின உறையிலை போட்டுத் தந்தா. நான் அதைப் பையின்ர அடியிலை தள்ளிவிட்டு, அதே தெருவிலை இருக்கிற மருந்துக்கடைக்காரரிட்டைப் போனன். அவரும் கையெழுத்து வைக்கக்கூடிய ஆள்தான். என்ர பேரைக் கூட என்னட்டைக் கேட்டுத்தான் எழுதினார். ரெண்டு நிமிசத்திலை வேலை முடிஞ்சுது.

வேலை முடிஞ்சுது எண்டு நினைச்சன். எங்க முடிஞ்சுது? கம்பியூட்டரிலை விண்ணப்பத்தைத் திறப்பன். 'உங்களுக்கு வேறு பெயர் எப்போதாவது இருந்ததா?' எண்ட கேள்வியிலை வந்து நிப்பன். 'இல்லை'யை அமத்துவன். அனுப்பாமல் மூடுவன். சோறு வைச்சால் அடிப்பிடிக்கும். ரயிலிலை ஏறினால் இறங்கவேண்டிய ஸ்ரேசனை விட்டிட்டு அங்காலை போயிடுவன். இப்பிடி ஒரு மாசம் திரிஞ்சன்.

அந்த மாசத்திலைதான் அன்ரியின்ர கூட்டத்துக்குக் கண்காட்சி வந்தது. பழைய துவக்குச் சேர்க்கிற ஆக்கள் வருசத்துக்கு ஒருக்கால் ஒரு மண்டபத்திலை மேசை போட்டு வைக்கிறது. போன வருசம் அன்ரிக்கு முதல் பரிசு ரிப்பன், சிப்பிப் பிடி போட்ட ஒரு பெல்ஜியம் பிஸ்டலுக்கு. அவவின்ர தங்கக்கட்டி அது. கண்காட்சிக்கு முதல் சனி, அதைத் துடைக்கக் கழட்டினவ, பிடியைத் தூக்கி உள்ளை வாய்க்கண்ணாடியை விட்டா. பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. பிடிக்குக் கீழை, அரிசிமணி அளவிலை ஒரு முத்திரை. ஸ்பெயின் பட்டறைச் சாமான்.

"காட்டை மாத்தி அடி" எண்டா.

"ஆர் அன்ரி பிடியைக் கழட்டிப் பாக்கப் போகினம்? பேசாமல் பூட்டுங்கோ" எண்டன்.

"நான் பாத்திட்டனே" எண்டா.

மண்டபத்திலை எல்லாருக்கும் முன்னாலை ரிப்பனைக் கொண்டுபோய்த் தலைவரிட்டைக் குடுத்தா. தாடிக்கார வெள்ளையர் ஒருத்தர் சிரிச்சுக்கொண்டு, வைச்சிருங்கோ டொக்டர், எங்களுக்குள்ளைதானே எண்டார். அவ வாங்கேல்லை. பிஸ்டலைத் திருப்பி மேசையிலை வைச்சு, சரியான விவரத்தை எழுதி, அதுக்குப் பக்கத்திலையே கதிரை போட்டு இருந்து வாறவைக்கெல்லாம் விளங்கப்படுத்தினா. வெக்கப்படுவா எண்டு பாத்தால் மனிசி கலகலப்பாய் நிக்குது. காரிலை வரேக்கை, "நல்ல வேலைப்பாடு பிள்ளை. பேர்தான் பிழை. இண்டைக்குத்தான் அது என்னட்டை வந்து சேர்ந்திருக்கு" எண்டா.

எனக்கு விசர் பிடிச்சிட்டுது. "உங்களுக்குப் போனது ரிப்பன் அன்ரி. எனக்குப் போனால் விசா. என்னைப் பாக்கச் சொல்லியே உதெல்லாம் காட்டுறியள்?" எண்டு கத்தினன். அவ காரை ஓரமா நிப்பாட்டினா. "இல்லை பிள்ளை. உனக்குப் போகக்கூடியது பெரிசு. எனக்கு அது தெரியும். அதாலைதான் கடிதத்தைத் தந்துபோட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறன். நீ வேற ஆரின்ரயும் கையெழுத்தோடை போட்டாலும் நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" எண்டா. பிறகு, "என்னாலை அதிலை கையெழுத்து வைக்க ஏலாது, அவ்வளவுதான்" எண்டா. அவவின்ர குரல் உடைஞ்சதை நான் அண்டைக்குத்தான் கேட்டன்.

அம்மாவுக்கு ஃபோன் எடுத்தன். உண்மையைச் சொல்லப் போறன் எண்டு சொன்னதும் அவ பெருங்குரலிலை அழத் தொடங்கியிட்டா. "வேண்டாமடி. உன்னாலைதான் அவள் பள்ளிக்கூடம் போனாள், பிளேன் ஏறினாள். அவளைத் திருப்பிச் சாக்கொல்லாதை" எண்டா. இவ்வளவு நாளும் என்ர பயம் மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சது. அம்மா இதை வைச்சுக்கொண்டு ஒரு பிள்ளையை உயிரோடை வைச்சிருந்தது எனக்குத் தெரியாது. ஆனாலும் நான் களைச்சுப் போனன். சீருடையைக் கண்டால் ஒளிச்சு, கடிதம் வந்தால் உடைக்காமல் வைச்சு, ஒரு கையெழுத்துக்காக என்னைத் தெரியாத ஆளைத் தேடிப் போய்க் களைச்சுப் போனன். மருந்துக்கடைக்காரர் கையெழுத்து வைச்ச படத்தைக் கிழிச்சுப் போட்டு, அன்ரியோடை வக்கீலிட்டைப் போனன்.

ரெண்டரை வருசம் இழுத்தாங்கள். நடுவிலை விசாவை ரத்துச் செய்யலாம் எண்டு ஒரு கடிதமும் வந்தது. அண்டைக்கு அன்ரி கிளினிக்கைப் பூட்டிப்போட்டு என்னோடை வீட்டை வந்து இருந்தா, வெங்காயம் உரிச்சா. அம்மாவும் அங்கை மனமிரங்கிச் சத்தியக் கடதாசி குடுத்தா. கடைசியிலை என்ர பேரிலை, என்ர வயசிலை, குடியுரிமை கையிலை வந்தது. மூண்டு வயசு குறைஞ்சு போனன் எண்டு பிள்ளைகள் பகிடி பண்ணினாளவை. நான் சிரிச்சன். அண்டைக்கு முழுக்க என்ர மனம் ஒரு இடத்திலை நிக்கேல்லை. அக்காவை நான்தான் இல்லாமல் பண்ணினன் எண்டு ஒரே அரிப்பு. அன்ரியிட்டைச் சொன்னன். ரெண்டு நாள் கழிச்சு, "ஞாயிறு எங்கடை கோயிலுக்கு வா" எண்டா. "நான் சைவம் அன்ரி." "ஃபாதரிட்டைக் கேட்டிட்டன். அவர் ஓம் எண்டவர்" எண்டா.

தமிழ்ப் பூசை. முன் வாங்கிலை என்னை இருத்தினா. பூசை தொடங்க முதல் ஒரு அண்ணை ஒலிவாங்கியிலை, அண்டைக்கு ஆர் ஆரின்ர ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை ஒப்புக்குடுக்கிறது எண்டு செத்த ஆக்களின்ர பேரை வாசிச்சார். நாலு பேரோ அஞ்சு பேரோ. பிறகு, "தர்சினி" எண்டார்.

பள்ளிக்கூடத்திலை, முகாமிலை, எயார்போட்டிலை, எத்தினை வரிசையிலை அந்தப் பேருக்கு நான் எழும்பியிருப்பன். உடம்புக்கு வேற தெரியாது. நான் எழும்பியிட்டன்.

அன்ரி என்ர கையைப் பிடிச்சு மெல்ல இழுத்தா.

"இரு, நளாயினி" எண்டா. "அவ உன்ர அக்கா."